காலித்துறைக்கு அயலிலுள்ள ஒரு சிறு கடற்கரை

இலங்கைத் தீவின் தென்மேற்கு மூலையில், கொழும்பு நகரிலிருந்து ஏறக்குறைய 72 மைல் தொலைவில் உள்ளது காலி என்னும் பழந்துறை. அதன் கோட்டையைக் காணாது தென்னிலங்கை யாத்திரையை முடிப்பார் மிகச் சிலர். ஆசிரியர் மாணாக்கரை அழைத்துச் செல்லுங்காலும், மதிலைச் சுற்றிக் காட்டி, வெளிச்சவீட்டின் கீழ்ச் சிறிது நிறுத்தி, ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை வாசிக்கச் செய்து, அவ்வளவோடு பாடம் முடிந்ததெனத் திரும்புவதே வழக்கம். ஆயின் அம்மதிலின் கீழ்ப்புறத்தில் நின்று நோக்குவார்க்கு, குடாவின் மறுகரையிலே மரமடர்ந்த குன்றொன்று கடலுட் புகுந்து கிடப்பது தோன்றும். அதன் பெயர் ரூமசல. அக்குன்றின் அடியிலே, மரநிழலில் மறைந்து, சில நிமிட நடையில் முடிந்துவிடும் ஒரு மணற்கரை உண்டு. பிறநாட்டு யாத்திரிகர் அதனை ஜங்கிள் பீச் என்பர். காட்டுக் கடற்கரை என நாம் வழங்கலாம். அதனைக் குறித்தே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

அரசர் பலர் அவாவிய கோட்டை எதிரே இருக்க, பெயர்தானும் அண்மையிற் பெற்ற ஒரு மணற்றுண்டை ஆராய்வது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். காலி ஏன் அங்கே எழுந்தது, பின்னர் ஏன் தளர்ந்தது, அதன் மதில் எப்பொருளால் ஆயது என்னும் மூன்று வினாக்களுக்கும் கோட்டைக்குள் நின்று விடை காண்டல் அரிது. எதிர்க்கரையில் நின்று நோக்கின் மூன்றும் ஒருங்கே விளங்கும். இஃது எம் கருத்து. இதற்கான நியாயங்களை முறையே காட்டுவோம்.

முதற்கண் இடத்தின் அமைதி. காலியிலிருந்து மாத்தறை செல்லும் பெருந்தெருவிலே மூன்று மைலளவு சென்றால், உனவட்டுன என்னும் ஊரை அடுத்துக் கடற்பக்கமாகப் பிரிந்து குன்றின்மேல் ஏறும் சிறு பாதையொன்று காணப்படும். குன்றின் மேலே யப்பானியப் பௌத்த சங்கத்தார் 2005 ஆம் ஆண்டில் நிறுவிய வெண்ணிறச் சமாதானத் தூபி நிற்கின்றது. அதனைக் கடந்ததும் பாதை சிறுத்து, காட்டினூடே கீழ்நோக்கி இறங்கும். யாம் சென்றது மாசி மாதத்து ஒரு காலைப்பொழுதில். பெருந்தெருவின் பேரிரைச்சல் பாதி வழியிலேயே அற்றுப்போயிற்று. மரக்கிளைகளிலே கருமுகக் குரங்குகள் தாவும் ஓசையும், கீழே நீர் மணலைத் தொடும் மெல்லோசையுமே செவிப்பட்டன. இறங்கி முடிந்தவிடத்தில், பாறைத் தொடரொன்றால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட இரு சிறு வளைவுகள். மரங்கள் மணலின் விளிம்புவரை வந்து நீரின்மேற் கவிந்து நின்றன. நீர் ஒரு பெரிய குளத்து நீர்போல அசைந்ததேயன்றி அலையாக எழவில்லை. எதிரே, நேர்கோட்டில் ஒன்றரை மைலளவில், காலிக் கோட்டையும் அதன் முனையில் 1939 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வெளிச்சவீடும் வெயிலில் ஒளிர்ந்தன.

இக்குன்றைப்பற்றி வழங்கும் கதை தமிழ் மாணாக்கர்க்குப் புதியதன்று. இலக்குவன் போர்க்களத்தில் மயங்கி வீழ்ந்தபோது, மருந்துச் செடியை இனங்காணமாட்டாத அனுமன் மலையையே பெயர்த்து வந்தான் என்பதும், வரும் வழியில் அதன் துண்டொன்று நழுவி ஈண்டு வீழ்ந்தது என்பதும் இவ்வூரார் கூற்று. உனவட்டுன என்னும் பெயரையும் 'வீழ்ந்தது' என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லோடு இயைத்துக் காட்டுவர். கன்னியாகுமரிக்கு அருகேயுள்ள மருத்துவாழ்மலைக்கும் இதே கதை கூறப்படுதல் காண்க. கடலோரத்தில், சுற்றுப்புற நிலத்தோடு ஒட்டாது தனித்தெழுந்து, மருந்துப் பூண்டுகள் மலிந்து நிற்கும் குன்றுகளைக் கண்ட மக்கள், இவை இம்மண்ணிற் பிறந்தவையல்ல, எங்கிருந்தோ வந்தவை என எண்ணினர் போலும். கதையைக் கதையாகக் கொள்ளின் இழுக்கில்லை. அதனுள்ளே பொதிந்துள்ள கூர்த்த நோக்கை மட்டும் நாம் இழத்தலாகாது. காலிப் பகுதியின் பாறைகள் வேறுபட்டவை என்பதைப் பிற்காலத்தில் பூதத்துவ நூலாரும் கண்டனர்.

அவ்வாறு கண்டவருள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. சிவதாண்டவத்தைப்பற்றியும் கீழைநாட்டுக் கலைகளைப்பற்றியும் எழுதிய பேரறிஞராகவே இவரை நாம் அறிவோம். ஈழத்துத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான இவர், கலையாராய்ச்சிக்கு வருமுன் கற்களை ஆராய்ந்தவர் என்பதையும், இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் என்பதையும் அறிவார் சிலரே. 1902 ஆம் ஆண்டில் இலண்டன் பூதத்துவச் சங்கத்தின் வெளியீட்டிலே காலிமுனையின் பாறைகளைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வொலாஸ்டனைற்று, ஸ்கப்போலைற்று என்னும் கனிப்பொருள்கள் கலந்த பட்டைப் பாறைகள் அவை. பூமியின் ஆழத்தில் பெரு வெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறிப் பின் மேலெழுந்தவை. அவை மிக்க உறுதியுடையன. சூழவுள்ள மென்மண்ணைக் கடல் அரித்துச் செல்ல, இப்பாறைகள் மட்டும் எதிர்த்து நின்று முனைகளாயின. இரு முனைகளுக்கிடையே நிலம் உள்வாங்கிக் குடாவாயிற்று. மேற்கு முனையின்மேல் மனிதர் கோட்டை கட்டினர்; கிழக்கு முனையாகிய ரூமசல காடாகவே நின்றது. ஊர்ப்பெயரைக் 'கல' என்னும் சிங்களச் சொல்லோடு, அஃதாவது கல் அல்லது பாறை என்பதோடு பொருத்துவாரும், போர்த்துக்கேய மொழியில் சேவலைக் குறிக்கும் 'காலோ' என்பதோடு பொருத்துவாரும் உளர். கோட்டையின் பழைய வாயிலில் ஒல்லாந்தர் 1669 எனப் பொறித்த சின்னத்தின்மேல் சேவலொன்று நிற்றல் இரண்டாங் கூற்றாரின் செல்வாக்கைக் காட்டும். இடத்தைக் கண்ணாற் கண்டவர் பாறையின் பக்கமே சாய்வர்.

இனி, அச்சிறு கரையில் நீர் ஏன் அத்துணை அமைதியாயிருந்தது என்பதனை விசாரிப்போம். இதுவே இக்கட்டுரையின் நடுநாயகமான பகுதியாதலின் மாணாக்கர் சற்றுப் பொறுமையோடு தொடர்வாராக.

காலியிலிருந்து நேர் தெற்கே கோடொன்று இழுப்பின், அது தென்துருவத்துப் பனிநிலத்தை முட்டும்வரை இடையில் ஒரு தீவையும் தொடாது. ஆகவே அத்தென்கடலின் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள், தடையின்றி ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து இக்கரைக்கு வருகின்றன. வருஞ்சமயத்து அவை ஆழ்கடலில் விரைந்தும், ஆழம் குறைந்தவிடத்தில் தளர்ந்தும் செல்லும். நம் கல்லூரி மைதானத்தில் தேகப்பயிற்சி செய்யும் மாணவர் நிரை ஒன்றை எண்ணுக. நிரையின் ஒரு கோடியில் நிற்போர் சேற்றுநிலத்திற் கால்வைத்தாராயின் அவர் நடை தளரும். மறு கோடியினர் உலர்நிலத்தில் முன்போலவே நடப்பர். பயன் யாது? நிரை முழுவதும் சேற்றுப்பக்கமாக வளைந்து திரும்பும். அலையின் செய்தியும் அதுவே. முனையைச் சூழ்ந்த நீர் ஆழங் குறைந்ததாகலின், அலைநிரை முனையை நோக்கி வளைந்து, தன் வலியை அங்கே குவித்து மோதுகின்றது. குடாவினுள்ளே நுழையும் எஞ்சிய பகுதியோ, விசிறிபோல் விரிந்து பரந்து, விரியுந்தோறும் வலிகுன்றிக் கரையை அடைகின்றது. ரூமசலக் குன்றின் வெளிப்புறப் பாறைகளில் வெண்ணுரை சிதற அலையறைய, அதே குன்றின் உட்புறத்தில் மணல் துயில்வதற்குக் காரணம் இதுவேயாம். அதன்மேலும், நீருள் மறைந்த முருகைப் பார் ஒன்று எஞ்சிய அலையையும் உடைக்கின்றது. அதுபற்றிப் பின்னர்க் கூறுவோம்.

ஆயினும் இவ்வமைதி ஆண்டு முழுவதற்கும் உரியதன்று. கார்த்திகை தொடங்கிப் பங்குனி ஈறாக வாடைக்காற்று நிலத்தின் பக்கமிருந்து வீசுங்காலத்திலே குடா முழுதும் கண்ணாடி போலிருக்கும். வைகாசியிற் சோழகம் தொடங்கியதும் நிலைமை மாறும். குடாவின் வாய் தெற்கும் தென்மேற்குமாகத் திறந்திருத்தலின், அக்காற்றும் அது தள்ளிவரும் அலையும் நேரே உட்புகும். மழையாற் கலங்கி வரும் நீர் அடியிலுள்ளவற்றை மறைக்கும். குடாவின் வாயிலிலும் உள்ளேயும் நீர்மூழ்கிப் பாறைகள் பல கிடக்கின்றன. ஊர்ப் பாதைகாட்டிகளின் துணையின்றி நுழைதல் பெருங்கப்பல்களுக்கு ஆபத்து. இத்தகைய துறையொன்று ஆறு மாதம் தாயாகவும் ஆறு மாதம் மாற்றாந்தாயாகவும் இருந்ததென்பது மிகையன்று.

இதற்குச் சான்று கடலடியிலேயே கிடக்கின்றது. 1659 ஆம் ஆண்டு யூலை மாதம் 2 ஆம் நாள், பாக்கு ஏற்றி இந்தியக் கரைக்குப் புறப்படும் நிலையில் நின்ற அவொன்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் நங்கூரம் நழுவி, குடாவினுள்ளேயே தரைதட்டி அழிந்தது. மாதத்தைக் கவனிக்க: சோழகம் வலுத்த காலம். 1661 இல் ஹெர்க்குலிஸ், 1663 இல் டொல்பின் என்னும் கப்பல்களும் இதே துறையில் மாண்டன. 1990 ஆம் ஆண்டுகளிலிருந்து கடலடித் தொல்பொருளாராய்ச்சியாளர் இக்குடாவை ஆராய்ந்து, கப்பற் சிதைவுகளும் பழைய கல் நங்கூரங்களுமாகப் பல இடங்களைக் கண்டறிந்துள்ளனர். அவொன்ஸ்டர் கிடப்பது கரைக்கு மிக அண்மையில், பதினைந்து அடி ஆழமளவில். எத்துணைப் பெரிய வணிக சங்கத்தின் கப்பலாயினும், கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதனைக் காக்க முடியவில்லை.

அங்ஙனமாயின் கப்பல்கள் ஏன் வந்தன? வாடைக் காலத்து அமைதி ஒன்று. கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் செல்லும் கடல்வழியின் திருப்பத்தில் இம்முனை நிற்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றுண்டு, சரித்திர நூல்கள் அதனைப் பெரிதாகப் பேசுவதில்லை. அது குடிநீர். மாதக்கணக்கில் உப்புநீரின்மேற் செல்லும் மாலுமிக்குக் கறுவாவினும் பொன்னினும் நன்னீரே முதற் பொருள். ரூமசலக் குன்றின்மேற் பெய்த மழை அதன் பாறை வெடிப்புக்களில் இறங்கிக் கடலோரத்திலே ஊற்றாக வெளிப்படும். குன்றின் உட்புறக் கரையில் ஓரிடம் 'நீர் எடுக்கும் முனை' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் மாலுமிகளின் படங்களிற் குறிக்கப்பட்டு வந்தது. படகுகள் பீப்பாய்களோடு கோட்டையின் எதிர்ப்புறம் சென்று நீர் நிரப்பி மீண்டன. ஆகவே இன்று யாத்திரிகர் இளைப்பாறும் இக்கரையோரம், ஒருகால் துறைமுகத்தின் பணிமிக்க ஒரு பகுதியாயிருந்தது.

அவ்வாறு வந்தோருள் நம்மொழிக்கு ஒரு நினைவுச் சின்னம் விட்டுச் சென்றோரும் உளர். 1344 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியோடு இலங்கையைச் சுற்றிய அராபிய யாத்திரிகர் இபின் பத்தூத்தா காலியைக் குறிப்பிடுகின்றார். அன்று அது ஒரு சிற்றூர். அதற்கு அறுபது ஆண்டு கழித்துச் சீனக் கடற்றளபதி செங் ஹோ பெருங் கப்பற்படையோடு இக்கடலில் உலவினார். அவர் கொண்டுவந்து நிறுத்திய கல்லொன்று, பொறிக்கப்பட்ட ஆண்டு 1409 ஆக, காலியிலே 1911 ஆம் ஆண்டில் அகப்பட்டது. அகப்பட்ட இடம் வியப்புக்குரியது: வடிகால் ஒன்றின்மேல் மூடுகல்லாகக் கிடந்தது! அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் மூன்று காணிக்கைப் பட்டியல்கள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்தவற்றைக் கூறுவன. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் எனப் பொருள்கள் பெரிதும் ஒத்திருத்தல் கருதற்பாலது. சீனத்துத் தளபதியொருவர் தென்னிலங்கைத் துறையிற் கல் நாட்டுங்கால் தமிழைத் தெரிந்தெடுத்தார் எனின், அக்காலத்து அக்கடலில் தமிழ் வணிகர் பேச்சு எவ்வளவு பரந்திருந்தது என்பதை ஊகிக்கலாம். அந்நாயனாரின் கோயிலை 1588 இல் போர்த்துக்கேயர் அழித்தனர்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்போரின் வரிசை பாடநூல்களில் உள்ளதாகலின் விரைந்து செல்வோம். போர்த்துக்கேயர் நிலப்பக்கத்தை அரண்செய்தனர். 1640 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் அதனைப் பொருது கைப்பற்றி, முனை முழுவதையும் மதிலாற் சூழ்ந்து, பதினான்கு கொத்தளங்கள் எழுப்பி, கடல்நீரின் ஏற்றமே கழுவிச் செல்லுமாறு நிலத்தடி வடிகால்களையும் அமைத்தனர். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. உலக மரபுரிமைப் பட்டியலில் அக்கோட்டை சேர்க்கப்பட்டது 1988 ஆம் ஆண்டில்.

அம்மதில் எதனால் ஆயது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. கருங்கல் ஒரு பாதி. மறு பாதி முருகைக்கல். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டையைக் கண்டவர்க்கு முருகைக்கல் இன்னதென எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கற்களைப் பிணைத்த சாந்தோ, முருகைக்கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அஃதாவது, காலிக் கோட்டையின் பெரும் பகுதி கடலடியிலே உயிருள்ள பிராணிகளாற் கட்டப்பட்டுப் பின்னரே மனிதராற் கட்டப்பட்டது. முருகைப் பிராணி கடுகளவினது. வெதுவெதுப்பான தெளிந்த நீரில், வெயில் எட்டும் ஆழத்தில், தன் உடலினுள்ளே நுண்ணிய பாசியொன்றைக் குடிவைத்து அது ஆக்கும் உணவையும் உண்டு, நீரிலுள்ள சுண்ணத்தைக் கல்லாக்கித் தன்னைச் சூழக் கூடு சமைக்கின்றது. தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேலொன்று சமைத்த கூடுகளின் தொகுதியே பார். முன்னர் நாம் கண்ட அச்சிறு கரைக்கு முன்னே கிடப்பதும் அத்தகைய பாரே. யாம் நீர்க்கண்ணாடி அணிந்து குனிந்து நோக்கியபோது, மான்கொம்பு போல் கிளைத்தனவும், மனித மூளைபோல் மடிந்தனவுமாகச் சில உயிரோடிருந்தன. பல இறந்து பாசி படர்ந்து கிடந்தன.

இறந்ததன் காரணம் பலவாம். 1998 ஆம் ஆண்டில் இந்துமாக்கடலின் நீர் வழக்கத்தினும் வெப்பமுற்றது. வெப்பம் ஒன்றிரண்டு பாகை உயர்ந்து சில கிழமை நிலைப்பினும் முருகைப் பிராணி தன்னகத்துப் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசியகன்றதும் வெளுத்துப் பசியால் மடியும். இலங்கையின் பார்கள் பல அவ்வாண்டில் வெளுத்தன. அதற்கு நெடுங்காலம் முன்னரே, காலிக்கு வடக்கிலுள்ள கரையோரமெங்கும் சுண்ணாம்புக்காக முருகைக்கல் பெயர்க்கப்பட்டு வந்தது. ஏழைத் தொழிலாளரின் பிழைப்பு அது. அவர்களை இகழ்தல் எளிது, வேறு தொழில் காட்டுதல் அரிது. 1981 இல் இயற்றப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அத்தொழிலைத் தடுத்தன.

இவ்விஷயம் எத்துணைப் பெரியதென்பது 2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆம் நாள் வெளிப்பட்டது. சுமாத்திராவை அடுத்த கடலடி நடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அன்று முற்பகலில் இக்கரையைத் தாக்கியது. கோட்டைக்கு வெளியேயுள்ள பேருந்து நிலையமும் துடுப்பாட்ட மைதானமும் நீரில் மூழ்கின. கோட்டையின் உட்புறமோ பெரும்பாலும் தப்பியது. காலிக்கு வடமேற்கே பத்து மைலளவிலுள்ள ஹிக்கடுவ ஊரில், பார் காக்கப்பட்டிருந்தவிடத்து, நீர் 7 முதல் 10 அடி உயர்ந்து நிலத்தினுள் 160 அடியளவே புகுந்தது எனவும், அதற்குச் சற்று வடக்கே முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலிய என்னுமிடத்தில் 30 அடிக்கு மேலெழுந்து ஒரு மைலுக்கு அண்மிய தொலைவு உட்சென்றது எனவும் நேரிற் சென்று அளந்த அறிவியலார் 2005 இல் வெளியிட்டனர். பெரலியவிலேதான் புகையிரதமொன்று பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கடலடியின் சாய்வு முதலிய பிற காரணங்களும் உடனிருந்திருக்கலாம் என்பாரும் உளர். அவர் கூற்றையும் தள்ளுதற்கில்லை. ஆயினும், மதிலில் அடைந்த முருகைக்கல் மதிலுள்ளாரைக் காத்தது. கடலில் விடப்பட்ட முருகைக்கல் கரையிலுள்ளாரைக் காத்தது. சுட்டு நீற்றப்பட்டதே ஒருவரையும் காக்கவில்லை. அன்றைய பேரலையிலே, அவொன்ஸ்டர் முதலிய கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்களைப் பேணிவந்த ஆராய்ச்சிக்கூடமும் அழிந்தது என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம்.

இனிக் காலியின் தளர்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் தபால் மாற்றவும் காலியிலே கூடின. வங்காளம், சீனம், அவுஸ்திரேலியா ஆகிய வழிகளுக்கு இதுவே சந்தியாயிற்று. ஐரோப்பியச் செய்திகள் முதலில் இங்கே இறங்கியமையால், கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகையார் 1850 முதல் சில ஆண்டுகள் புறாக்களின் காலிற் செய்தியைக் கட்டித் தலைநகருக்கு அனுப்பினர். தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் கப்பல்கள் பெருகப் பெருக, சோழகத்துக்குத் திறந்த வாயும் நீர்மூழ்கிப் பாறைகளும் பொறுக்கலாகாத இடையூறாயின. 1875 இல் கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதாங்கிச் சுவர் தொடங்கப்பட்டு 1885 இல் முடிந்தது. கப்பல்கள் அங்கே சென்றன. காலியின் பெருமை ஒரு பத்தாண்டுக்குள் வற்றியது. அவ்வூரார் அக்காலத்து எவ்வளவு வருந்தியிருப்பர் என்பது எண்ணத்தக்கதே. எனினும் நாம் கண்ட காட்டுக் கரை எஞ்சியிருப்பது அத்தளர்ச்சியினாலேயாம். அலைதாங்கி காலிக்குக் கிடைத்திருப்பின், ரூமசலக் குன்று கற்சுரங்கமாகவும், அதன் பார் கப்பல் நிற்கும் ஆழமாகவும் மாறியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் காலித் துறையைப் பெருங்கப்பல்களுக்கேற்ப விரிக்கும் திட்டங்கள் மீண்டும் எழுந்தபோது, பாருக்கும் கடலடிக் கப்பற் சிதைவுகளுக்கும் நேரும் தீங்கு எடுத்துரைக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் ரூமசலக் கடற்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. இவ்வழக்கில் இருபக்கத்தும் நியாயமுண்டு: தென்மாகாணத்து இளைஞர்க்குத் தொழில் வேண்டும் என்பதும் சிறு பொருளன்று. துறைமுகம் வேறிடத்தும் அமையும், பாரோ இருந்தவிடத்தன்றி அமையாது என்பது எம் துணிபு.

சரணாலயமென்னும் பெயர் மட்டும் பாரைக் காவாது. யாம் சென்ற காலையிலேயே, படகொன்று தன் நங்கூரத்தை மணலில் இடாது பாரின்மேல் எறிந்தது. நீந்த வந்தோர் இருவர் இளைப்பாறும் பொருட்டு உயிருள்ள முருகையின்மேல் ஏறி நின்றனர். அவர் தீயோரல்லர். கல்லின்மேல் நிற்பதாகவே எண்ணினர். ஓராண்டில் ஒரு விரலளவோ சிறிது கூடுதலாகவோ வளரும் பொருளின்மேல் நிற்கின்றோம் என ஒருவர் கூறியிருப்பின் இறங்கியிருப்பர். அருகே சிற்றுண்டிக் கடை நடத்தும் ஊரவர் ஒருவர் அதனையே கையசைத்துக் கூற முயன்றார். மொழி தெரியாமையால் அவர் கூற்று நகைப்பாகவே கொள்ளப்பட்டது.

நம் மாணாக்கர் இவ்விடத்தைக் காணச் செல்வாராயின் தை முதற் பங்குனி வரையான காலமே தக்கது. சோழகத்தில் நீராட இறங்குதல் தகாது. ஆயின் அலை வளைந்து விரியும் பாடத்தைக் குன்றின் மேலிருந்து கற்பதற்கு அதுவே ஏற்ற பருவம். முற்பகலில் கரையையும் பிற்பகலில் கோட்டையையும் காண்க. முறையை மாற்றின் மதிலின் முருகைக்கல் கண்ணிற் படாமலே போகும். குன்றிறங்கும் பாதை மழைநாளில் வழுக்கும்; குடிநீர் உடன்கொண்டு செல்க. சிப்பியையும் முருகைத் துண்டையும் கொண்டுவருதல் சட்டத்துக்கு மாறு. மீண்டும் வருகையிற் கொழும்பில் இறங்குவோர் அங்குள்ள தேசிய நூதனசாலையில் அம்மும்மொழிக் கல்லைக் காணலாம். தலைப்பில் இரு நாகங்கள் போன்ற சீன யாளிகள், வலப்புறம் சீனம், இடப்புறத்து மேற்பாதி தமிழ், கீழ்ப்பாதியாகிய பாரசீகம் மிகத் தேய்ந்துவிட்டது. தமிழெழுத்துக்கள் சிறியன, ஆயினும் பக்கத்திலிருந்து விளக்கொளி படுமாறு சற்று ஒதுங்கி நின்று நோக்கின் சில சொற்களேனும் தெரியும்.